ஒரு வாரத்தில் முளைத்த மலையும் அதன் அக்கம்பக்கமும்

கேள்வி இது: "நேப்பிள்ஸில் மூன்று நாள் இருப்பேன். வெசூவியஸ், பொம்பெயி இரண்டும் திட்டத்தில் உண்டு. பக்கத்திலேயே ஒரு வாரத்தில் உருவான குட்டி எரிமலை ஒன்று இருக்கிறதாம். வெறும் 130 மீட்டர் சொச்சம்தான் உயரம் என்கிறார்கள். அதற்காக ஒரு நாளை ஒதுக்கலாமா? சுற்றி வேறு பழைய இடங்கள் உண்டா?"

மலைக்காக மட்டும் என்றால் வேண்டாம். மோன்டே நுவோவோ, அதாவது 'புது மலை', 133 மீட்டர் உயரமுள்ள ஒரு மேடு. பைன் மரமும் மஞ்சள் பூப்புதரும் மூடிக் கிடக்கும். அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். உச்சியில் புகை கிடையாது, செந்தழல் கிடையாது. வாய் மட்டும் நல்ல ஆழம். மலை கடலோரத்தில் இருப்பதால் வாயின் அடித்தரை ஏறக்குறைய கடல்மட்டத்துக்கே இறங்கிவிடுகிறது. பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்டபடி இறங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் தடவை நானும் அப்படித்தான் இறங்கினேன்.

ஆனால் அந்த மேட்டைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருப்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாள் போதாது. அவற்றைத் தனித்தனிச் சுற்றுலா இடங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏரி, கோயில், மூழ்கிய மாளிகை, மீன்பிடித் துறைமுகம் எல்லாமே ஒரே நிலம் ஏறி இறங்கியதன் அளவுகோல்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரி தெரியும்.

முதலில் ஒரு திருத்தம். மோன்டே நுவோவோ தனி எரிமலை இல்லை. நேப்பிள்ஸுக்கு மேற்கே காம்பி ஃப்ளெக்ரேய் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. பெயருக்கு 'எரியும் வயல்கள்' என்று பொருள். அது 12 முதல் 15 கிலோமீட்டர் அகலமுள்ள மாபெரும் எரிமலைப் பள்ளம். பாதி நிலத்தில், பாதி கடலுக்கடியில். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பும், பிறகு சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் நடந்த இரண்டு பெரும் வெடிப்புகளில் உள்ளே இருந்த கற்குழம்பு காலியாகி, மேல்தளம் அப்படியே உள்வாங்கியதால் உண்டான பள்ளம் இது. அதன் பிறகு அந்தத் தளத்தில் அங்கங்கே சின்னச் சின்ன வாய்கள் திறந்தன. வரைபடத்தில் பார்த்தால் பணியாரச் சட்டி மாதிரி குழிக்குப் பக்கத்தில் குழியாக இருக்கும். சிலவற்றில் நீர் நின்று ஏரியானது, சிலவற்றில் காடு வளர்ந்தது, சிலவற்றில் ஊரே இருக்கிறது. அந்தச் சட்டியில் கடைசியாக விழுந்த குழிதான் மோன்டே நுவோவோ. வெசூவியஸ் கிழக்கே தனிக்கதை.

ஐரோப்பாவின் மிக இளைய மலை என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுடைய சுர்ட்சே தீவு 1963-ல்தான் கடலிலிருந்து எழுந்தது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் மக்கள் கண்ணெதிரே ஒரு மலை எழுந்து, பார்த்தவர்கள் அதைச் சில வாரங்களுக்குள் அச்சிலும் ஏற்றிவிட்டார்கள் என்பது அபூர்வம்தான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலை இருக்கும் இடத்தில் அப்போது ட்ரிபெர்கோலெ என்ற ஊர் இருந்தது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். நோயாளிகள் குளிக்க வந்து தங்குவதற்கு மருத்துவமனைகூட உண்டு. வெடிப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நிலம் அடிக்கடி நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே கரை உயரத் தொடங்கிவிட்டது. இதற்கு ஆதாரம் ஒரு தானப் பத்திரம் என்பதுதான் வேடிக்கை. 1503-ல் ஸ்பானிய அரசர் ஃபெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும், கடல் வற்றி வெளிப்பட்டுவரும் நிலத்தைப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் பொஸ்ஸுவோலி ஊருக்கு எழுதிக்கொடுத்தார்கள். 1511-லும் அதே போல ஒன்று. ஊர்க்காரர்கள் புது நிலத்துக்குப் பட்டா வாங்கிக்கொண்டார்கள். காலுக்கடியில் என்ன வீங்குகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

1538 செப்டம்பர் 28-ஆம் தேதி கடல் சட்டென்று நூற்றுக்கணக்கான அடி உள்வாங்கியது. வெறும் மணலில் துடித்த மீன்களை மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் ட்ரிபெர்கோலெ பக்கம் நிலம் முதலில் தாழ்ந்து, அங்கே நீர் சுரந்தது. பிறகு அதே நிலம் உப்பத் தொடங்கியது. இரவு ஆரம்பிக்கும் நேரத்தில் பிளந்துகொண்டது. சாம்பலும் நுரைக்கல்லும் நீராவியோடு பீறிட்டன. மலையின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே குவிந்துவிட்டது. பொஸ்ஸுவோலி மக்கள் உடம்பெல்லாம் சாம்பலோடு நேப்பிள்ஸை நோக்கி ஓடினார்கள். சிலர் கையில் குழந்தை, சிலர் தோளில் மூட்டை, ஒருவர் குடும்பத்தையே கழுதைமேல் ஏற்றிக்கொண்டு. இன்னும் சிலர் செத்து விழுந்த பறவைகளையும் கரையில் பொறுக்கிய மீன்களையும் சுமந்துகொண்டு. இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியவர் மார்க்கோ அந்தோனியோ டெல்லி ஃபால்கோனி. உயிர் பிழைக்க ஓடும்போதும் இலவசமாகக் கிடைத்த மீனை விட மனமில்லை, பாருங்கள்.

அக்டோபர் 3-ல் இன்னொரு சீற்றம், பிறகு அமைதி. வேடிக்கை பார்க்க ஆட்கள் மேலே ஏறத் தொடங்கினார்கள். 6-ஆம் தேதி மலை கடைசியாக ஒரு தடவை வெடித்தது. ஏறிக்கொண்டிருந்தவர்களில் 24 பேர் இறந்தார்கள். அதோடு சரி, அந்த வாய் மறுபடி திறக்கவில்லை. ட்ரிபெர்கோலெ மலைக்கு அடியில் போனது, ஊற்றுகளும் போயின. பொஸ்ஸுவோலியையும் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, ஸ்பானிய ஆளுநர் பேத்ரோ டே தொலேதோ வரிச்சலுகை கொடுத்து, தனக்கும் அங்கே ஒரு மாளிகை கட்டிக்கொண்டு மக்களைத் திரும்ப வரவழைத்தார்.

புது மலை விழுங்கிய இன்னொன்று லுக்ரினோ ஏரியின் பெரும்பகுதி. இன்று நீங்கள் பார்ப்பது மிச்சம் மீதி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய குளம் அளவுக்குத்தான் இருக்கும். ரோமானியர் காலத்தில் இது பெரிய உப்பங்கழி. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்கியுஸ் ஓராட்டா என்பவர் இங்கே சிப்பி வளர்த்துப் பணம் பண்ணினார். பணக்காரர் விருந்துகளில் லுக்ரினோ சிப்பிக்குத் தனி மரியாதை. கி.பி. 59-ல் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைக் கொல்லப் படகைக் கவிழ வைத்த கதை கேட்டிருப்பீர்கள். நீந்தித் தப்பிய அவரைச் சின்னப் படகுகள் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தது இந்த ஏரிக்குத்தான். அன்றிரவே அவர் வீட்டில் ஆள் அனுப்பிக் கொன்றார்கள்.

லுக்ரினோவிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் நடந்தால் அவெர்னோ ஏரி. எனக்கு அந்த வட்டாரத்திலேயே பிடித்த இடம் இது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு வாய் நீர் நிரம்பி நிற்கிறது. சுற்றளவு மூன்று கிலோமீட்டர் இருக்கும், ஆழம் 34 மீட்டர். கரையோரப் பாதையில் ஒரு முழுச் சுற்று நடக்கலாம். பெயர் 'பறவை இல்லாத' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது பழைய விளக்கம். நச்சுக்காற்று எழுந்ததால் மேலே பறந்த பறவைகள் விழுந்தன என்பார்கள். எரிமலை வாய்களில் கரியமில வாயு கசிவது சகஜம் என்பதால் முழுக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. இப்போது வாத்துகள் சுகமாக நீந்துகின்றன. ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் காவியத்தில் அதன் நாயகன் ஈனியாஸ் பாதாள உலகத்துக்கு இறங்கிய வழி இங்கேதான். சில ஆண்டுகளில் குளிர்கால முடிவில் நுண்பாசி பெருகி நீர் சிவந்து போவதும் உண்டு. அந்தக் கோலத்தில் பார்த்தவர்கள் இதை எமலோகத்தின் வாசல் என்று நம்பியிருந்தால் குற்றம் சொல்ல மாட்டேன்.

இந்தப் பாதாள வாசலைப் போர்க்கப்பல் பட்டறையாக மாற்றியவர் ரோமானியத் தளபதி அக்ரிப்பா. கி.மு. 37-ல் எதிரணித் தலைவர் செக்ஸ்டஸ் பொம்பேயுடன் கடற்போர் நெருங்கியபோது, எதிரி கண்ணில் படாமல் கப்பல் கட்டவும் துடுப்புக்காரர்களைப் பழக்கவும் மறைவான ஓர் இடம் தேவைப்பட்டது. அவெர்னோவிலிருந்து லுக்ரினோவுக்கும், அங்கிருந்து கடலுக்கும் கால்வாய் வெட்டினார். அதுதான் போர்ட்டுஸ் யூலியுஸ். மேற்குப் பக்கம் மலையைக் குடைந்து கூமே ஊருக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் சுரங்கப்பாதையும் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அதை வெடிமருந்துக் கிடங்காக்கி, வெடித்து, உள்ளே சேதமாகிவிட்டது. போர் வென்ற பிறகு துறைமுகம் மண்மேடிட, கடற்படை மிசேனோவுக்கு மாறியது. கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது ரோமானிய எழுத்தாளரும் கடற்படைத் தளபதியுமான மூத்த பிளினி கப்பலேறிப் புறப்பட்டது அந்த மிசேனோவிலிருந்துதான்.

அவெர்னோவின் கிழக்குக் கரையில் பாதி இடிந்த ஒரு பெரிய கட்டடம் நிற்கும். அப்பல்லோ கோயில் என்று பெயர்ப்பலகை சொல்லும். கோயிலும் இல்லை, அப்பல்லோவும் இல்லை, அது ஒரு குளியல் மண்டபம். இந்த வட்டாரத்தில் இது வழக்கமான குழப்பம். பழைய காலச் சுற்றுலாக்காரர்கள் பெரிதாக எதைப் பார்த்தாலும் கோயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊரான பாயாவில் இருக்கும் 'மெர்க்குரி கோயிலும்' குளியல் மண்டபம்தான். ஆனால் அதைத் தவறவிடாதீர்கள். 21.5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம், ரோமாபுரியின் பாந்தியோன் கோயிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. உள்ளே தண்ணீர் நிற்கும், மரப்பலகைமேல் நின்று ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், குரல் சுற்றிச் சுற்றி வரும். அந்தக் கான்கிரீட்டின் ரகசியம் இந்த மண்தான். இங்குள்ள எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும். சிமெண்ட் ஆட்கள் இன்றும் சொல்லும் 'பொஸ்ஸோலானா' என்ற பெயர் பொஸ்ஸுவோலியிலிருந்து வந்ததே.

பாயா ரோமானியச் செல்வந்தர்களின் உல்லாச ஊர். அதில் பாதி இப்போது கடலுக்கடியில். யாரும் தாக்கவில்லை, ஆழிப்பேரலையும் வரவில்லை. நிலம் நூற்றாண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது, அவ்வளவுதான். நான்கைந்து மீட்டர் ஆழத்தில் மொசைக் தரை, தெரு, குளியலறைச் சுவர், சிலை எல்லாம் கிடக்கின்றன. 2002-ல் கடலடித் தொல்லியல் பூங்காவாக அறிவித்தார்கள். முத்துக்குளிப்பவர் அளவுக்குத் தேர்ச்சி வேண்டாம். அடியில் கண்ணாடி வைத்த படகு உண்டு, ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டும் மிதக்கலாம். ஒரு விஷயம்: கடலடியில் பார்க்கும் சிலைகள் நகல்கள். மது நீட்டும் ஒடிசியஸ் உட்பட மூலச்சிலைகள் மேலே பாயா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அக்ரிப்பாவின் துறைமுகமும் இப்படித்தான் நீருக்கடியில் கிடக்கிறது.

இறங்கியது சரி, ஏறியதற்கு அத்தாட்சி? அதற்குப் பொஸ்ஸுவோலி நகரத்துக்குள் போக வேண்டும். ஊர் நடுவில், தெருவைவிடத் தாழ்ந்த பள்ளத்தில், மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. 1750-ல் தோண்டியபோது செராப்பிஸ் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் செராப்பிஸ் கோயில் என்றார்கள். உண்மையில் அது ரோமானியர் காலத்து அங்காடி. தூணைக் கீழிருந்து மேலே பாருங்கள். முதல் மூன்றரை மீட்டர் வழவழப்பு. அதற்கு மேல் இரண்டே முக்கால் மீட்டருக்குப் பல்லாங்குழி போலத் துளை துளையாக இருக்கும். அதற்கு மேல் மறுபடி சுத்தமான பளிங்கு. துளையிட்டது கல்லைக் குடையும் ஒரு வகைக் கடல் சிப்பி. அது கடல் நீரில் மட்டுமே வாழும். அப்படியானால், கட்டும்போது தரையில் நின்ற தூண் பிறகு கடலுக்குள் இறங்கியது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் தப்பியது, நடுப்பகுதியைச் சிப்பி குடைந்தது, தலை நீருக்கு வெளியே நின்றது. பிறகு மொத்தமும் திரும்ப மேலே வந்தது, இந்த மூன்று தூணும் விழாமல். சார்லஸ் லையெல் 1830-ல் வெளியிட்ட தன் புவியியல் நூலின் முகப்புப் படமாக வைத்தது இந்தத் தூண்களைத்தான். நிலம் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும் என்று நிரூபிக்க அவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. அப்போது புத்தேயோலி என்று அழைக்கப்பட்ட இந்தப் பொஸ்ஸுவோலிதான் கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் கப்பல்களின் பெரிய துறைமுகம். முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்கும் அங்கிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி இத்தாலிக்கும் போன பாதை இது. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மதுச்சாடிகளில் இந்தக் கம்பானியா வட்டாரத்துச் சாடிகளும் உண்டு. பிளினி எழுதியிருக்கும் இன்னொரு செய்தி: செங்கடல் வரியைக் குத்தகை எடுத்த ஆனியுஸ் ப்ளோகாமுஸின் ஆள் ஒருவர் புயலில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினாராம். ஆனியுஸ் என்பது பொஸ்ஸுவோலியின் பெரிய வணிகக் குடும்பப் பெயர். அந்தப் பழைய துறைமுகமும் இன்று கடலுக்கடியில்தான். அரேபியப் பாலைவனத்து நபத்தேயர் கட்டிய கோயிலின் பலிபீடங்களைக்கூட 2023-ல் அங்கே கண்டெடுத்தார்கள்.

கூமே, மிசேனோ, ஃபுசாரோ பற்றிச் சுருக்கமாக: கூமே, இத்தாலிய நிலப்பரப்பில் கிரேக்கர் அமைத்த மிகப் பழைய குடியேற்றங்களில் ஒன்று, கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. குறிசொல்லும் சிபில்லாவின் குகை என்று 130 மீட்டர் நீளத்துக்கு ஒரு குடைவழி காட்டுவார்கள். 1932-ல் கண்டுபிடித்தது. அது உண்மையில் ராணுவப் பாதையாக இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு, ஆனால் உள்ளே மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது யாரும் அந்த வாதத்தை நினைப்பதில்லை. மிசேனோவுக்குப் பக்கத்தில் பிஷினா மிராபிலிஸ், கடற்படைக்குக் குடிநீர் தேக்கிய நிலத்தடித் தொட்டி. 48 தூண்கள், 15 மீட்டர் உயரம், 12,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவு. முன்கூட்டிச் சொல்லிவைத்துப் போனால் நல்லது. ஃபுசாரோ எரிமலை வாய் இல்லை, வெறும் காயல். நடுவில் 1782-ல் கட்டிய வேட்டை மாளிகை அழகாக இருக்கும். நேரமில்லையென்றால் முதலில் வெட்ட வேண்டியது அதை.

"இப்போது அங்கே போவது பாதுகாப்பா?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. 1538-க்குப் பிறகு நிலம் மறுபடி மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. 1960-களின் இறுதியில் திரும்ப வேகமாக ஏறியதும், ரியோனே தெர்ரா என்ற பழைய மேட்டுக் குடியிருப்பை 1970 மார்ச் 2-ஆம் தேதி ராணுவத்தை வைத்து ஒரேயடியாகக் காலி செய்தார்கள். 1982-84-ல் இன்னும் 1.8 மீட்டர் ஏறியது. சுமார் 40,000 பேரை வேறிடம் மாற்றினார்கள். துறைமுகத்தில் தண்ணீர் குறைந்து படகு கட்ட முடியாமல் போக, பழைய படித்துறைக்குக் கீழே இன்னொரு படித்துறை கட்டினார்கள். இரண்டையும் இன்றும் பார்க்கலாம். 2005-லிருந்து மறுபடி ஏற்றம், 2025 வாக்கில் சுமார் ஒன்றரை மீட்டர். 2024 மே 20-ல் 4.4 அளவில் வந்த நில அதிர்வு, அதற்கு முந்தைய 40 ஆண்டுகளில் அங்கே வந்தவற்றில் பெரியது. 2025-ல் அதையும் தாண்டி 4.6 வந்தது. ஏற்றத்துக்குக் காரணம் மேலே வரும் கற்குழம்பா, அல்லது சூடேறி அழுத்தம் கூடிய நீரும் வாயுவுமா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். நிலம் ஏறினாலே வெடித்துவிடும் என்றும் இல்லை. 1984-ல் ஏறி, நின்று, இறங்கிவிட்டது. கருவிகள் இரவும் பகலும் கண்காணிக்கின்றன. ஒரு நாள் பயணிக்கு நான் பயம் காட்ட மாட்டேன், ஆனால் புறப்படும் வாரம் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிர்வுக்குப் பிறகு சில இடங்களைத் திடீரென்று மூடுவார்கள். கந்தகப் புகை கிளம்பும் சொல்ஃபத்தாரா வாய், 2017-ல் ஒரே குடும்பத்தில் மூவர் குழிக்குள் விழுந்து இறந்ததிலிருந்து மூடியே கிடக்கிறது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போய் ஏமாறாதீர்கள்.

சரி, நாளை எப்படிப் பிரிப்பது? நேப்பிள்ஸின் மோன்டேசாந்தோ நிலையத்திலிருந்து கூமானா ரயில் பிடித்துக் காலையிலேயே லுக்ரினோ. ரயில் நேரத்துக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் அவெர்னோவை ஒரு சுற்று. கரையில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கும். மணற்பாங்கான எரிமலை மண்ணில் திராட்சை வேரைத் தாக்கும் ஃபில்லோக்ஸெரா பூச்சி பிழைக்காததால், ஐரோப்பாவில் மற்ற இடங்களில் ஒட்டுப்போட்டு வளர்க்கும் கொடியை இங்கே சொந்த வேரிலேயே விட்டிருக்கிறார்கள். பிறகு மோன்டே நுவோவோ. உச்சியில் நின்று ஒரு பக்கம் அவெர்னோ, காலடியில் சுருங்கிப்போன லுக்ரினோ, எதிரே பாயாக் கோட்டை என்று பார்த்துக்கொண்டால், பிறகு எங்கே போனாலும் திசை குழம்பாது. மதியம் பாயா, குவிமாடமும் அருங்காட்சியகமும். படகில் போவதானால் முன்பதிவு செய்து, கடல் கலங்காத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் போய் நான் பார்த்தது பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

திரும்பும் வழியில் பொஸ்ஸுவோலியில் இறங்கித் தூண்களைப் பாருங்கள். பள்ளத்துக்குள் விடாவிட்டாலும் வேலிக்கு வெளியே நின்றே துளைகள் நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் ரியோனே தெர்ராவின் தேவாலயம். 1964-ல் அது தீப்பற்றி எரிந்தபோது, பிற்காலச் சுவர் உதிர்ந்து உள்ளேயிருந்து ஒரு முழு ரோமானியக் கோயில் வெளியே வந்தது. இப்போது அந்தப் பளிங்குத் தூண்களுக்கு நடுவே பூசை நடக்கிறது. அப்புறம் துறைமுகம். மாலையில் படகுகள் கீழ்ப்படித்துறையில் கட்டியிருக்கும், மேல்படித்துறையின் இரும்பு வளையங்கள் சும்மா தொங்கும்.